ராத்திரி நேரத்து ‘நறநற’!

‘நறநற... நறநற...’

ராத்திரி ரெண்டு மணி. பாளையங்கோட்டையில ஒரு ஹாஸ்டல் ரூம். சத்தம் கேட்டு முழிச்சுப் பார்த்தா, எலி இல்லை... பக்கத்துக் கட்டில் மக்கா! தூங்கிக்கிட்டே பல்லை அரைச்சுக்கிட்டு இருக்கான். காலையில கேட்டா, ‘போலே, நானா?’னு சண்டைக்கு வருவான். ஆனா, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் மெஸ்ஸுக்கு வருவான்.

ஊர்ல சொன்னா ஆச்சி ஒரே வரியில முடிச்சிடும்: ‘வயித்துல பூச்சி இருக்கும்லே!’ பாவம், பூச்சி மேல பழி! டாக்டர்கள் இதுக்கு வெச்ச பேர் ‘ப்ரக்ஸிசம்’. டென்ஷன், அரைகுறைத் தூக்கம், அரியர்ஸ் எழுத அடிக்கிற அஞ்சாவது காபி, சிகரெட், மது, மனச்சோர்வுக்குத் தர்ற சில மாத்திரைகள்னு இதுக்குக் கூட்டாளிகள் நிறைய.

பல்லு மேல இருக்கிற எனாமல்தான் நம்ம உடம்புலேயே கடினமான பொருள். ஆனா, எலும்பு உடைஞ்சா ஒட்டும். எனாமல் தேஞ்சா தேஞ்சதுதான். திரும்ப வளராது. அதான் விஷயமே!

எந்தப் பல்லு எவ்வளவு அடி வாங்குது? பழைய வழி, கார்பன் பேப்பர் மாதிரி ஒரு கலர் தாளைக் கடிக்கச் சொல்றது. எங்கே படுதுனு புள்ளி விழும். எது முதல்ல படுது, எது அதிக பாரம் சுமக்குதுங்கிறதை அது சரியாச் சொல்லாது. அதுக்காக 1980-கள்ல அமெரிக்காவுல வந்ததுதான் ‘டி-ஸ்கேன்’. குதிரை லாடம் ஷேப்ல, சுமார் 0.1 மி.மீ. தடிமன்ல ஒரு சென்ஸார் படலம். அதைக் கடிச்சா, ஒவ்வொரு பல்லும் சுமக்கிற பங்கு கம்ப்யூட்டர்ல கலர் கலரா ஓடும். சிவப்புன்னா பாரம் அதிகம், நீலம்னா கம்மி.

அடுத்து ‘ஸ்ப்ளின்ட்’. பல்லு மேல மாட்டுற உறை. முன்னாடி வாய் நிறைய மாவை வெச்சு அச்சு எடுப்பாங்க... குமட்டும்! இப்போ சின்ன கேமராவை வாய்க்குள்ள விட்டு ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டு, 3டி பிரின்ட்டர்ல பிசினை அடுக்கடுக்கா ஒளியில இறுக வெச்சு எடுக்கலாம். உறை உடைஞ்சா, இருக்கிற ஃபைல்ல இருந்தே இன்னொண்ணு போட்டுக்கலாம். அதுக்காக, கையால செஞ்ச அக்ரிலிக் உறை மட்டம்னு நினைச்சிடாதீங்க. அதுவும் நல்லா உழைக்கும்.

இங்கேதான் உஷார் பாஸ்! ஸ்ப்ளின்ட் ஹெல்மெட் மாதிரி. வண்ணார்பேட்டை டிராஃபிக்ல ஹெல்மெட் விபத்தைத் தடுக்காது, மண்டையைக் காப்பாத்தும். ஸ்ப்ளின்ட்டும் அப்படித்தான், பல்லைக் காப்பாத்தும், கடிக்கிற பழக்கத்தை நிறுத்தும்னு நம்பி இருக்க முடியாது. அதே மாதிரி, கடி சரியில்லாததாலதான் ப்ரக்ஸிசம் வருதுங்கிறதுக்கும் உறுதியான ஆதாரம் இல்லை. ‘கிராஃப்ல சிவப்பு தெரியுது, நல்ல பல்லைக் கொஞ்சம் ராவிட்டா ராத்திரி அரைக்கிறது நின்னுடும்’னு யாராவது சொன்னா, எழுந்து வந்து இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க. ராவினது திரும்ப வராது. பலத்த குறட்டை, பகல்ல தூங்கி வழியறதுனு சேர்ந்து இருந்தா, உறை போடுறதுக்கு முன்னாடி அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. தூக்கத்துல மூச்சு தடைபடுதானு பார்க்கணும்.

நம்ம பக்கம் காவல்கிணறுல ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. எந்தப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் ‘பிராஸ்தடான்டிக்ஸ்’ பிரிவைக் கேளுங்க. கம்ப்யூட்டர் கருவி இல்லாட்டியும் பல்லு தேஞ்சிருக்கிறதைக் கண்ணாலயே பார்த்துச் சொல்லிடுவாங்க.

பகல்ல ஒரு ஃப்ரீ மருந்து: உதடு ஒட்டியிருக்கட்டும், பல்லு ஒட்ட வேண்டாம். ஞாபகம் வரும்போதெல்லாம் செக் பண்ணுங்க.

ராத்திரி அரைக்கிறது அரைக்கிறவனுக்குத் தெரியாது, ரூம்மேட்டுக்குத்தான் தெரியும். அதனால கேலி பண்ணாம சொல்லுங்க. நம்பலைன்னா அவன்கிட்ட கேட்டுட்டு, செல்போன்ல சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக் கொடுங்க.

திருநெல்வேலி அல்வாவுக்குப் பல்லு வேணாம்தான். அதுக்காக ஆயுசு முழுக்க அல்வாவே தின்ன முடியுமா மக்கா?