வீட்டுத் தோட்டம்: தடாகத்தில் நூற்பாசி

மாரி மழை ஓய்ந்து, தை பிறந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் வீட்டு வளவிலே சிறு தடாகம் கட்டி மீனும் அல்லியும் வளர்ப்போர் பலரிடமிருந்து ஒரே முறைப்பாடு எழுவதுண்டு. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. ஆயினும் அடியிலும் சுவரிலும் பச்சைப் பட்டு நூல் போன்ற ஒன்று படர்ந்து நீள்கிறது. இன்று பிடுங்கினால் அடுத்த கிழமை மீண்டும் வந்துவிடுகிறது என்பதே அது. இந்த நூற்பாசியின் தன்மையையும் அதனை அடக்கும் வழியையும் இவ்வாரம் ஆராய்வோம்.

நூற்பாசி என்பது ஒரே தாவரமன்று. கையில் வழுக்குவது பெரும்பாலும் ஸ்பைரோகைரா; பஞ்சுத் திரி போலச் சொரசொரப்பாய்க் கல்லைப் பற்றியிருப்பது கிளாடோபோரா. உயர்தர வகுப்பிலே உயிரியல் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், ஸ்பைரோகைராவின் ஒவ்வொரு கலத்திலும் பச்சை நாடா சுருள் சுருளாய்ச் செல்லும் அழகை வரைந்து காட்டுவார்கள். இவற்றுக்கு வேருமில்லை, பூவுமில்லை. அறுந்த துண்டு ஒன்றே மீண்டும் முழுப் பாசியாய் வளர வல்லது. காலையில் அடியில் கிடந்த பாசி நண்பகலில் மேலே மிதப்பதையும் பலர் கண்டிருப்பர். வெயிலில் அது வெளிவிடும் பிராணவாயு குமிழிகளாய் இழைகளுக்கிடையே சிக்கி, முழுப் படையையும் மேலே தூக்கிவிடுகிறது.

சிறிதளவு பாசியால் தீங்கில்லை. மீன் குஞ்சுகளுக்கு அது ஒளிவிடம். பகற்பொழுதில் நீருக்குப் பிராணவாயுவும் தருகிறது. மிகுந்துவிட்டாற்றான் ஆபத்து. சூரியன் மறைந்ததும் பாசியும் மீன்களைப் போலவே நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொள்ளத் தொடங்குகிறது. நமது வெப்பமான நாட்டில் நீருக்கு அதனைத் தாங்கும் வலிமையும் குறைவு. 20 பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 30 பாகையில் அது சுமார் ஏழரை மில்லிகிராமாகிவிடும். ஆதலால் பாசி அடர்ந்த தடாகத்திலே விடியுமுன் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அக்காட்சியை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும்.

இந்நிலையில் பலர் மேற்கொள்ளும் அவசர வழி, துருசு எனப்படும் செப்புச் சல்பேற்றையோ, கிணற்றுக்கு இடும் குளோரின் தூளையோ தடாகத்தில் கொட்டுவதாகும். இதனைச் செய்யவே வேண்டாமென்று நேயர்களை வற்புறுத்திக் கூறுகின்றோம். குளோரின் மீனின் செவுளைத் தாக்கிக் கொல்லும். துருசோ, யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கற் பூமியின் வன்னீரில் விளைக்கும் தீங்கைவிட மென்னீரில் பன்மடங்கு தீங்கை விளைக்கும். ஆகவே சுன்னாகத்தில் ஒருவர் இட்ட அளவைக் கேட்டு, மலைநாட்டில் இருப்பவர் அவ்வாறே இட்டால் மீன் ஒன்றும் மிஞ்சாது.

நஞ்சுக்கு மீன் தப்பினாலும் அடுத்த ஆபத்துக்குத் தப்புவது அரிது. ஒரே நாளில் மடிந்த பாசி முழுவதும் அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு அற்றுப்போகிறது. அது மட்டுமா? பாசி உண்டு வளர்ந்த சத்துக்கள் யாவும் மீண்டும் நீரிலேயே கரைந்து, அடுத்த பாசிக்கு எருவாகின்றன. மீன் செத்து, மனம் சலித்துக் கைவிடப்பட்ட தடாகமோ நுளம்புக்குத் தொட்டிலாகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானதை நாம் மறந்துவிடலாகாது. நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன்களைக் காப்பது வீட்டிலுள்ள குழந்தைகளையும் காப்பதாகும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? பாசிக்கு வேண்டுவன இரண்டே: ஒளியும் உணவும். இவ்விரண்டையும் குறைத்தால் பாசி தானே தளரும்.

முதலில், இருப்பதைக் கையால் அகற்றுக. புதிய ஈர்க்கு விளக்குமாறு ஒன்றை நீண்ட தடியிற் கட்டி, நீருக்குள் விட்டு ஒரே பக்கமாய்ச் சுழற்றினால், இராட்டினத்தில் நூல் சுற்றுவது போலப் பாசி சுற்றிக்கொண்டு வரும். அதனை உடனே எறிந்துவிடாமல், தடாக நீர் நிரம்பிய வாளி ஒன்றில் அலசுங்கள். சிக்கிய மீன் குஞ்சுகளும் தவளைக் குஞ்சுகளும் பிழைத்துக்கொள்ளும். பின்னர் பாசியை வாழையடியில் இடலாம். நீரிலிருந்த சத்து வாழைக்குப் போய்ச் சேரும். முழுவதையும் ஒரே நாளில் அகற்ற வேண்டியதில்லை. கிழமைக்கு இரு முறையாய்ச் செய்தால் போதும்.

அடுத்து, உணவின் வாயிலை அடையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அவ்வாயில் மீன் தீனிப் பேணியேயாகும். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராய் வந்து தீனி தூவுவது கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் மீன் தின்னாது விட்டதும், தின்று கழித்ததும் நைத்திரேற்றாயும் பொசுபேற்றாயும் மாறிப் பாசியை வளர்க்கின்றன. நாளுக்கு ஒரு முறை, ஐந்து நிமிடங்களுக்குள் மீன் தின்று முடிக்கும் அளவே இடுக. தீனி இடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே ஒப்படைப்பது நன்று. உதிர்ந்த இலைகளை அன்றன்றே அள்ளுக. பூம்பாத்திக்கு இட்ட உரம் மழையோடு தடாகத்துள் இறங்காதபடி விளிம்பைச் சற்று உயர்த்திக் கட்டுக.

வற்றிய நீருக்கு ஈடாக எந்நீரை விடுவது என்பதும் கவனிக்கத்தக்கது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் பயிர்களுக்கு இட்ட உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாய் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். அத்தகைய நீரை நாள்தோறும் விடுவது பாசிக்கு விருந்திடுவதேயாம். பீலியால் இறங்கும் மழைநீரை, கூரையைக் கழுவிய முதல் மழை போனபின், சேமித்து விடுவது நலம். சேமிக்கும் பாத்திரத்தை நுளம்பு புகாதபடி மூடி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, நிழல். நீர்ப்பரப்பில் பாதிக்குக் குறையாமல் இலை மூடியிருக்குமாறு அல்லியையோ நீலோற்பலத்தையோ வளருங்கள். நமது தேசிய மலராகிய நீலோற்பலம் பாசிக்கு வேண்டிய ஒளியை மறைப்பதோடு, அது உண்ணும் சத்தையும் தான் எடுத்துக்கொள்ளும். பழுத்த இலைகளை வெட்டி அகற்றிவிடுக. ஆயின், விரைவில் படரும் என்பதற்காக ஆகாயத்தாமரையையோ சல்வீனியாவையோ கொண்டுவந்து விடாதீர்கள். ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கென்றே 1909இல் இந்நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற நேர்ந்தது. வீட்டு வாய்க்காலில் தப்பிய ஒரு கொத்து, ஊர்க் குளத்தையும் வயலையும் மூடிவிடக்கூடும்.

இக்காலத்தில் கடைகளில் விற்கப்படும் புற ஊதா விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீரைப் பச்சைச் சாயமாக்கும் மிதக்கும் நுண்பாசியை அவ்விளக்கு ஒழிக்கும். சுவரைப் பற்றி நிற்கும் நூற்பாசியோ விளக்கின் அருகே செல்வதேயில்லை. நீர் தெளியத் தெளிய ஒளி அடிவரை சென்று, நூற்பாசி முன்னிலும் செழிப்பதுமுண்டு. பணம் கொடுக்குமுன் தம் தடாகத்தில் இருப்பது எப்பாசி என்பதை ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும்.

நீரை முற்றாய் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவுவதையும் இயன்றவரை தவிர்க்க. மீனின் கழிவை மாற்றித் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் அச்சுவரிலும் கல்லிலுமே குடியிருக்கின்றன. அவற்றையும் கழுவிவிட்டால் தடாகம் முதல் நாள் நிலைக்கே திரும்பிவிடும். நீர் மாற்ற வேண்டின் நாலில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். குழாய் நீராயின் ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் நீங்கியபின் விடுங்கள். இறைத்த நீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை.

இவ்வழிகளின் பயன் ஓரிரு நாளில் தெரியாது. அல்லி இலை விரிந்து நிழல் தரவே பல கிழமைகள் ஆகும். அதுவரை காலையில் தடாகக் கரைக்குச் சென்று மீன்களைப் பார்த்து வாருங்கள். அவை அடியில் அமைதியாய் உலாவுமாயின், சுவரில் ஒட்டியிருக்கும் விரற்கடைப் பாசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை; அதுவும் அவ்விடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.