எலிக்கே பழகவில்லை, நமக்கு மட்டும் பழகிவிடுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் யாரிடமாவது "இவ்வளவு சத்தத்துல எப்படிண்ணே வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பவர் பிரஸ் ஓட்டுபவராக இருக்கட்டும், கிரைண்டிங் மெஷினில் நிற்பவராக இருக்கட்டும், பதில் ஒன்றுதான். "அதெல்லாம் பழகிப் போச்சு தம்பி." சி.டி.எச். ரோட்டை ஒட்டி வீடு இருப்பவர்களும் இதையேதான் சொல்வார்கள். ஆவடி, பூந்தமல்லி என்று எங்கே போனாலும் இதே வசனம்.

இந்தப் 'பழகிப் போச்சு' பாதிதான் உண்மை, அதை முழு உண்மையாக எடுத்துக்கொள்வது ஆபத்து என்பது என் கட்சி. சாட்சிக்குச் சில எலிகளைக் கூப்பிடுகிறேன். வெளிநாட்டு எலிகள் பிறகு வரும். முதலில் நம்மூர் எலிகள்.

தரமணி எலிகள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.எல்.எம். பெயரிலான முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே உடலியங்கியல் துறையில் பேராசிரியர் ஷீலா தேவியின் குழு சத்தத்தை வைத்தே பல ஆராய்ச்சிகள் செய்தது. அதில் ஒன்று 2006-இல் நியூரோசயன்ஸ் லெட்டர்ஸ் இதழில் வந்தது.

எலிகளுக்கு 100 டெசிபல் சத்தம். தினமும் 4 மணி நேரம். 30 நாள். அவ்வளவுதான். அடி கிடையாது, ஷாக் கிடையாது.

எட்டுக் கைப் புதிர்ப்பாதை என்று ஒன்று உண்டு. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எட்டு வழிகள். சில வழிகளின் கடைசியில் மட்டும் தீனி இருக்கும். எந்த வழியில் தீனி, எந்த வழிக்கு ஏற்கெனவே போய் வந்தோம் என்பதை எலி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சத்தத்தில் இருந்த எலிகள் இதில் அதிகம் தப்பு செய்தன.

பிறகு மூளையைப் பார்த்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியிலும், மூளையின் முன்பகுதியிலும் நரம்பு செல்களின் கிளைகள் குறைந்திருந்தன. செல்கள் அப்படியேதான் இருந்தன. மரம் நிற்கிறது, கிளைகளைக் காணோம் என்கிற மாதிரி. கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனும் இரத்தத்தில் கூடியிருந்தது. முப்பது நாள் கழித்தும்! எலிக்குப் பழகியிருந்தால் அது இறங்கியிருக்க வேண்டாமா?

சத்தத்துக்கும் நினைவுக்கும் என்ன சம்பந்தம்?

இதன் வேர் 1936-இல் இருக்கிறது. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும் உடலுக்குள் நடப்பது ஒன்றாகவே இருப்பதைக் கண்டார். அட்ரினல் சுரப்பி வீங்குகிறது, தைமஸ் சுருங்குகிறது, வயிற்றில் புண் வருகிறது. 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று நாம் ஆளுக்கு ஆள் சொல்லும் வார்த்தை மருத்துவத்துக்குள் வந்த கதை இதுதான்.

சத்தமும் இந்த மணியைத்தான் அடிக்கிறது. காது வழியாக நுழைந்தாலும் அதன் வேலை காதோடு முடிவதில்லை. மூளை 'ஆபத்து' என்கிறது, அட்ரினல் ஹார்மோனைக் கொட்டுகிறது. புலி துரத்தும்போது இது நல்லது. தினமும் 'புலி' வந்தால்?

லீவு விட்டால் சரியாகிவிடுமா?

அடுத்த சாட்சி பெங்களூரு எலிகள். அங்குள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் அசைய விடாமல் வைத்தது. 10 நாள். 2002-இல் வந்த முடிவு வினோதமானது. ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின. பயத்துக்கான அமிக்டலாவில் அவை வளர்ந்தன! யோசிக்கிற இடம் வாடுகிறது, பயப்படுகிற இடம் தழைக்கிறது.

2004-இல் இதே குழு அடுத்த கேள்வியைக் கேட்டது. எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் மீண்டது. அமிக்டலா மீளவில்லை. அந்த எலிகள் சுவர் இல்லாத திறந்த பாதையில் நடக்க இன்னமும் பயந்துகொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்தால் எல்லாம் போச்சு என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கவும்.

ஆனால் பழக்கம் என்பதே பொய்யா?

இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான, அவ்வளவு கடுமை இல்லாத தொல்லை தினமும் ஒரே நேரத்தில் வந்தால் எலியின் ஹார்மோன் நாளடைவில் குறைவாகவே ஏறும். அந்த அளவில் 'பழகிப் போச்சு' உண்மை. எது பழகுகிறது, எது பழகுவதில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்காவில் ஜே வைஸ் என்பவர் 1970-ஐ ஒட்டிச் செய்த சோதனைகளைப் பாருங்கள். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு ஷாக். ஒன்றுக்கு மட்டும் ஷாக்குக்கு முன்னால் ஒரு ஒலி எழுப்பி எச்சரிக்கை. எச்சரிக்கை கிடைத்த எலிக்கு வயிற்றுப் புண் வெகுவாகக் குறைந்தது. இன்னொரு சோதனையில் ஒரு எலி சக்கரத்தைத் திருப்பி ஷாக்கை நிறுத்தலாம். நிறுத்த முடிந்த எலி, முடியாத எலியைவிட நன்றாக இருந்தது. இரண்டும் வாங்கிய ஷாக் ஒன்றேதான்!

வலி எவ்வளவு என்பதோடு, எப்போது வரும் என்று தெரியுமா, நிறுத்த முடியுமா என்பதும் உடம்பைத் தீர்மானிக்கிறது. இப்போது ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்று தெரியாது. மெஷினை நிறுத்தும் உரிமை இல்லை. அவர் சக்கரம் இல்லாத எலி.

"எலியும் மனுஷனும் ஒண்ணா?"

ஒன்று இல்லைதான். எலிக்கு நம்மைவிட உச்சமான ஒலிகளும் கேட்கும், அது இரவில் விழித்திருக்கும் பிராணி. எலியின் முடிவை அப்படியே மனிதன் மேல் ஒட்ட முடியாது. ஆனால் மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018-இல், சாலைச் சத்தம் நாள் சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. அது கணக்கில் எடுத்த கெடுதல்களில் இதய நோயும் ஒன்று.

நம் நாட்டில்? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். தொழிற்பகுதியில் 75-உம் 70-உம். வீடும் பட்டறையும் ஒரே தெருவில் இருக்கும் நம் பக்கத்தில் எந்தக் கணக்கு? பட்டறைக்குள் போனால் இன்னும் தமாஷ். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலும், 100 டெசிபல் என்றால் 2 மணி நேரமும் அனுமதித்தன. அமெரிக்காவின் நயாஷ் நிறுவனம் 1998-இல் 100 டெசிபலுக்குப் பரிந்துரைத்தது வெறும் 15 நிமிடம்!

இந்த அனுமதி அளவுகளின் கணக்கு முக்கியமாகக் காதைப் பற்றியது. தொழில் நோய்ப் பட்டியலிலும் சத்தத்துக்கு நேராக இருப்பது செவித்திறன் இழப்புதான். மறதி, படபடப்பு, தூக்கமின்மை, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது... இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. "ஆளு ஒரு மாதிரி சிடுமூஞ்சி" என்று அவருடைய குணத்தில் எழுதிவிடுவோம்.

என்னதான் செய்யலாம்?

1. ஒவ்வொரு பட்டறையிலும் சத்தத்தை அளந்து, அளவைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

2. காதில் பஞ்சு கொடுப்பது கடைசி வழி. முதலில் மெஷினுக்கு அடியில் ரப்பர், சுற்றித் தடுப்பு, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது.

3. ஷிப்ட் முன்கூட்டியே தெரிய வேண்டும். சத்தமில்லாத இடத்தில் இடைவேளை வேண்டும். வைஸின் எலிகள் சொன்னது இதைத்தான். இதற்குப் பெரிய செலவும் இல்லை.

4. மருத்துவப் பரிசோதனையில் காதோடு இரத்த அழுத்தமும் தூக்கமும் சேர வேண்டும்.

இந்தச் சோதனை எலிகள் திரும்பிப் போவதில்லை. மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் எலியைக் கொன்றுதான் ஆக வேண்டும். அப்படிக் கிடைத்த முடிவு இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயண தூரத்தில், தரமணியில், 2006 முதல் இருக்கிறது. அதை நூலகத்தில் தூங்க விட்டுவிட்டு, இன்னமும் நம் அண்ணன்களை வைத்து அதே சோதனையைத் தொடர்வது என்ன நியாயம்? எலிக்கு முப்பது நாளில் முடிந்தது. இவர்களுக்கு முப்பது வருஷம்.

அடுத்த முறை யாராவது "பழகிப் போச்சு" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "ராத்திரி நல்லா தூக்கம் வருதாண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.