தேவையற்றதை அடிக்கவும்

பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கும் என் தங்கையின் பேத்தி, போன ஜூலை விடுமுறைக்குத் திருச்செங்கோடு வந்தபோது பெட்டி நிறையப் படக்கதைப் புத்தகங்கள் கொண்டுவந்தாள். ஜப்பானில் இவற்றை ‘மாங்கா’ என்கிறார்கள். எல்லாம் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. “உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே தாத்தா, படிங்க” என்று சிலவற்றைக் கையில் திணித்தாள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, சேலம், நாமக்கல் பக்கம் தமிழில் கோப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். பழைய மொழியைத் தூசி தட்ட ஒரு வாய்ப்பு என்று உட்கார்ந்தேன்.

முதல் கதை ‘வெர்சாய் ரோஜா’. ரியோகோ இக்கேதா என்ற பெண்மணி 1972, 73-ல் வார இதழில் தொடராக வரைந்தது. ஆண் வாரிசு இல்லாத தளபதி ஒருவர், கடைசி மகளுக்கு ஒஸ்கார் என்று ஆண் பெயர் வைத்து, வாள் பழக்கி, மகனாகவே வளர்க்கிறார். அவள் அரண்மனைக் காவல் படைக்குத் தலைமை தாங்கி, கடைசியில் மக்கள் பக்கம் சேர்ந்து, பஸ்தீய் கோட்டை முன் உயிர் விடுகிறாள். பள்ளியில் 14 ஜூலையை மனப்பாடம் செய்தவனுக்கு இது கற்பனை என்று தெரியாதா? இருந்தும் ஒரே மூச்சில் படித்தேன்.

இதில் நமக்கு அதிசயம் ஒன்றுமில்லை. நம் கூத்தில் திரௌபதியாக வருபவர் மீசை மழித்த ஆண். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். எங்கள் மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் வலப்பாதி வேட்டியும் இடப்பாதி சேலையுமாக நிற்கிறார்.

ஆனால் வேடம் விடிந்தால் கலைந்துவிடும். கலையாதவர்களின் கதை அடுத்ததில் இருந்தது. யூக்கி கமத்தானி 2015 முதல் 2018 வரை வரைந்தது, நான்கு தொகுதி. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத படைப்பாளி இவர். கதையில் மிசோரா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை. வீட்டுக்குத் தெரியாமல் ஓரிடத்துக்கு வந்து பெண் உடை போட்டுப் பார்க்கும். பெண்ணாக வேண்டுமா என்று கேட்டால், தெரியவில்லை என்பதுதான் பதில். பழகிய மாணவன் ஒருவன், உதவி செய்வதாக நினைத்து அந்த உடையிலேயே திருவிழாவுக்கு அழைத்துப் போகிறான். அவனுடைய அவசரமே அந்தப் பிள்ளையைக் காயப்படுத்திவிடுகிறது.

பேத்தியிடம் இதைப் பிரெஞ்சில் பேச முயன்று தடுக்கி விழுந்தேன். ‘இல்’ என்றால் அவன், ‘எல்’ என்றால் அவள். வேறு வழியில்லை. “இப்போ ‘இயெல்’ இருக்கே தாத்தா” என்றாள். 2021-ல் ‘லெ ரொபேர்’ அகராதி தன் இணையப் பதிப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்தபோது, அந்நாட்டுக் கல்வி அமைச்சரே எதிர்ப்புத் தெரிவித்தாராம். நமக்கு அந்தச் சண்டை தேவையில்லை. ‘அவர்’ இருக்கிறது, ‘பிள்ளை’ இருக்கிறது. பேடி போன்ற பெயர்களுக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணை விகுதியே சேரும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே விதி செய்துவிட்டார். மொழியில் இடம் இருக்கிறது. கொடுக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

யாரையோ குறை சொல்லவில்லை, என்னையே சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு நாள் சன்னலில் ஒருவர் விண்ணப்பம் நீட்டினார். ‘ஆண் / பெண்: தேவையற்றதை அடிக்கவும்’ என்ற இடத்தில் எதையும் அடிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிவப்பு மையால் சுழித்து, “ஏதாவது ஒண்ணை அடிச்சுக் கொண்டா” என்று ஒருமையில் சொல்லித் திருப்பினேன். அவர் படிவத்தை நான்காக மடித்து எடுத்துப் போனார். திரும்பி வரவில்லை. எனக்குக் கிடைத்த சம்பளத்தில் அன்றைய நாளுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பின்னாளில் சேலத்துப் பிரித்திகா யாஷினி, காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோதும் அதே இரண்டு கட்டங்கள்தான் குறுக்கே நின்றன. 2014 ஏப்ரல் 15-ல் மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் ஏற்ற பிறகும் அவர் வழக்காட வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2017-ல் தருமபுரி மாவட்டத்தில் பணியில் சேர்ந்தார். அவர் தன்னைப் பெண் என்கிறார். மிசோராவுக்கோ இன்னும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இருவரும் வந்து நிற்கிற சன்னல் ஒன்றுதான்.

இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் குழம்பிப் போகமாட்டார்களா என்று எதிர்வீட்டு நண்பர் கேட்டார். அல்லி அரசாணியையும் சிகண்டியையும் கேட்டு வளர்ந்த நாம் குழம்பினோமா? குழம்பி நிற்கிற பிள்ளைக்கு, அவசரமில்லை என்று சொல்ல ஒரு கதையாவது இருக்கட்டுமே.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்குப் புதிய உறுப்பினர் படிவம் அச்சடிக்கப் போகிறார்கள். மாதிரியைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. ‘பாலினம்’ என்று மட்டும் போட்டு, பக்கத்தில் வெறும் கோடு விட்டிருக்கிறேன். வருகிறவர் தாமே எழுதிக்கொள்ளட்டும். எழுதாமல் விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம்.