ஜில்லா ஜட்ஜ் நாற்காலிக்கு இன்னொரு வாசல்

சாத்தூர் என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குக் காராச்சேவுதான் ஞாபகம் வரும். அந்த ஊரில் கோர்ட்டும் இருக்கிறது. கடன் பத்திரம், பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு எல்லாம் அங்கே வருகின்றன. ஜில்லா கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனால் முன்சீப்பாகச் சேர்ந்த ஒருவர் ஜில்லா ஜட்ஜ் நாற்காலிக்குப் போய்ச் சேருவது அத்தனை சுலபமில்லை!

பாத்திமா பீவி அம்மையாரையே பாருங்கள். 1989-இல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியானவர். பிறகு தமிழகத்தின் கவர்னராக இருந்தவர். கேரளத்தில் அவர் முன்சீப் ஆனது 1958-இல். ஜில்லா ஜட்ஜ் ஆனது 1974-இல். நடுவே 16 வருஷம்!

ஏணியில் ஏறாமல் நேரே நுழைய ஒரு வாசல் உண்டு. 7 வருஷம் தொழில் நடத்திய வக்கீலை ஜில்லா ஜட்ஜாக நியமிக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 233-ஆவது ஷரத்து. நாலில் ஒரு பங்கு இடம் இப்படி நிரம்புகிறது. வக்கீலாக இருந்து முன்சீப் ஆனவரோ அந்த வாசலுக்கு வந்தால், "நீர்தான் இப்போது வக்கீல் இல்லையே!" என்று திருப்பி அனுப்பினார்கள். 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. தினமும் வீட்டில் சமைக்கும் மருமகளைப் பார்த்து, "உனக்கு அடுப்பங்கரைப் பழக்கம் போதாது" என்று சொன்ன மாதிரி!

கேரளத்து வழக்கு ஒன்றில், 2025 அக்டோபர் 9-ஆம் தேதி, தலைமை நீதிபதி கவாய் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் அந்தப் பூட்டைத் திறந்தார்கள். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த காலம் சேர்ந்து 7 வருஷமானால் போதும். விண்ணப்பிக்கும்போது 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

வக்கீல்களுக்கு இதில் மனக்குறை உண்டு. "அவர்களுக்குப் பதவி உயர்வு இருக்கிறது, எங்களுக்கு இந்த ஒரு வழிதானே?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வழக்குக்காரருக்கு வேண்டியது நல்ல ஜட்ஜ். அவர் எந்த வாசலால் வந்தார் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அதே வருஷம் மே 20-ஆம் தேதி கீழ் வாசல் குறுகியது. முன்சீப் பரீட்சைக்கே 3 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. கோர்ட் வாசனையே அறியாதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது சரி. ஆனால் சின்ன ஊரில் சட்டம் படித்த பெண்ணுக்கு அந்த 3 வருஷம் எப்படிப் போகும்? சீனியர் கொடுப்பது பஸ் சார்ஜுக்கே காணாது. வீட்டிலோ கல்யாணப் பேச்சு.

மேல் மாடிக்கு எத்தனை வாசல் வைத்தாலும் கீழ்ப் படியில் கால் வைத்தவர்தானே ஏற முடியும்? பெற்றோர்களே, மாமியார்மார்களே! அந்த 3 வருஷம் மட்டும் அவளுடைய கறுப்பு அங்கியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.