வெள்ளையா, கரும்பச்சையா?

பொங்கல் நெருங்கினால் போதும், வீட்டுக்கு எந்த வண்ணம் என்ற வழக்கு எழுந்துவிடும். கரும்பச்சை என்பார் அப்பா; அழுக்குத் தெரியாதாம்! வெள்ளை என்பார் அம்மா. நாங்கள் அம்மா பக்கம்.

புது வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பியனுப்பிவிடும். கரும்பச்சையோ பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். பகலில் விழுங்கிய வெப்பத்தைச் சுவர் இரவில் வீட்டுக்குள் விடும். பங்குனி மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் மாணவியரைக் கேளுங்கள். அடுப்பும் அங்கேயே என்றால் அன்னையர் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! உச்சி வெயில் நேரே விழுவது மாடித்தளத்தில்தான். ஆனால் வண்ணம் பூசுகையில் அதை யாரும் நினைப்பதேயில்லை.

சுண்ணாம்பு மழையில் கரையும், சாய்ந்தால் உடுப்பில் ஒட்டும், அடிக்கடி அடிக்கவும் வேண்டும். உண்மைதான். ஆனால் விலை மலிவு. சிறிது நீலம் கலந்தால் பளிச்சென்றிருக்கும்.

அப்பாவின் கரும்பச்சையையும் நாங்கள் தள்ளிவிடவில்லை. எண்ணெய்த் தலைகள் சாயும் கூடத்துச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு அதைப் பூசட்டும். வெளிச்சுவருக்கும் மாடித்தளத்துக்கும் வெள்ளையே வேண்டும் என்று இந்தப் பொங்கலுக்கு வீட்டில் கேட்கவிருக்கிறோம்.