எஸ்தெர்கோம் பேராயர் செய்த கலகம்

ஹங்கேரி மக்களின் நினைவில் மாத்யாஷ் நீதி தவறாத மன்னன். மாறுவேடத்தில் ஊர் ஊராகச் சென்று ஏழைகளின் குறை தீர்த்தவன் என்று நாட்டுப்புறக் கதைகள் அவனைக் கொண்டாடுகின்றன. அப்படிப்பட்டவனை 1471இல் அரியணையிலிருந்து இறக்க முயன்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர், அவனை அதில் ஏற்றப் பாடுபட்ட எஸ்தெர்கோம் பேராயர் யானோஷ் விதேஸ். அதனால் நன்றி கெட்ட முதியவர் என்ற பழி அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழி அவருக்குப் பொருந்தாது என்பேன். கால் நூற்றாண்டுக்கு மேலாக அவர் பிடித்திருந்த கொள்கை ஒன்றுதான். அதிலிருந்து விலகிப் போனவன் மன்னன்.

விதேஸ் 1408ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். அரசவை எழுத்தராகத் தொடங்கி 1445இல் வாரத் நகரின் ஆயரானார். மாத்யாஷின் தந்தை யானோஷ் ஹுன்யாதி துருக்கியரோடு போரிட்ட காலம் அது. போப்பாண்டவருக்கும் பிற ஆட்சியாளர்களுக்கும் ஹுன்யாதியின் பெயரில் போன கடிதங்கள் பலவற்றை எழுதியவர் இந்த ஆயர்தான். 1451இல் தொகுக்கப்பட்ட அக்கடிதங்களில் ஒரே வேண்டுகோள் மீண்டும் மீண்டும் வருகிறது: தெற்கு எல்லை உடைந்தால் நாடே போய்விடும், உதவி அனுப்புங்கள். 1455இல் பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கின் அவையிலும் அதையே பேசினார். 1457இல் ஹுன்யாதியின் மூத்த மகன் லாஸ்லோவின் தலை வெட்டப்பட்டபோது விதேஸும் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டு பதினான்கு வயது மாத்யாஷ் மன்னனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். பிரெடரிக் கையில் சிக்கியிருந்த புனித மகுடத்தை 80,000 பொற்காசு கொடுத்து மீட்ட 1463ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் விதேஸின் பங்கு பெரிது. மகுடம் இல்லாமல் முறையான முடிசூட்டு இல்லை, அது இல்லாமல் நாட்டை ஒன்றுதிரட்டித் துருக்கியரை எதிர்க்க வழியில்லை. அவருடைய கல்விப் பணியும் இதே அளவுக்குப் பேசப்பட வேண்டியது. பொய்யர்பாக் என்ற வானியலாளர் அவருக்காக வாரத் நகரின் தீர்க்கரேகையை அடிப்படையாக வைத்துக் கிரகண அட்டவணைகள் கணித்தார். 1467இல், இன்றைய பிராட்டிஸ்லாவாவில் அவர் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு வானியலாளர் ரெகியோமோன்டானுஸ் வந்து சேர்ந்தார். தம் நூலகத்துச் சுவடிகளில் படியெடுத்தவர் விட்ட பிழைகளைத் தம் கையாலேயே திருத்திக் குறிப்பெழுதும் பழக்கம் விதேஸுக்கு இருந்தது. தவறு கண்ணில் பட்டால் சும்மா விட்டுவிடுகிற மனிதரல்லர் அவர்.

1463 இறுதியில் போஸ்னியாவின் யாய்ட்சே கோட்டையை மாத்யாஷ் துருக்கியரிடமிருந்து பிடித்தான். விதேஸ் நம்பிய பாதை அதுதான். ஆனால் 1468இல் படை வடக்கே திரும்பியது. பொஹீமியாவின் மன்னர் யிர்ஷி, மாத்யாஷின் மாமனார். அவரைத் திருச்சபையின் எதிரி என்று அறிவித்து அவருடைய மகுடத்தின் மீது மாத்யாஷ் கண் வைத்தான். வரி மேல் வரி விழுந்தது, திருச்சபையின் வருமானமும் போருக்குப் போனது. அதே ஆண்டுகளில் துருக்கியர் சாவா ஆற்றங்கரையில் சபாச் கோட்டையை எழுப்பி ஹங்கேரியின் வாசலிலேயே வந்து உட்கார்ந்தார்கள். எல்லையைக் காக்கத் தேர்ந்தெடுத்த அரசன் எல்லைக்கு முதுகைக் காட்டி நின்றபோதுதான், விதேஸும் அவருடைய சகோதரி மகனும் பேச் நகரின் ஆயருமான கவிஞர் யானுஸ் பன்னோனியுஸும் போலந்து இளவரசன் கசிமீரை அரியணைக்கு அழைத்தார்கள்.

பேராயத்தின் வருமானம் குறைந்த கோபமும், அரசவையில் தம் இடத்தை ஆயர் யோஹன் பெக்கென்ஸ்லோயர் பிடித்த கசப்புமே காரணம் என்பார்கள். அவை இருந்திருக்கலாம். ஆனால் பதவிதான் பெரிது என்று நினைத்திருந்தால் வாய் மூடிக்கொண்டிருப்பதே அவருக்கு லாபம். நாட்டின் திருச்சபையில் அதற்கு மேல் பதவியே இல்லை, வயதும் அறுபதைத் தாண்டியிருந்தது. இதைவிடக் கனமான கேள்வி வேறு: துருக்கியர் வாசலில் நிற்கும்போது உள்நாட்டுப் போரை வரவழைப்பது எல்லையைக் காக்கும் வழியா? இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் கசிமீரை நம்பி இறங்கியது விதேஸின் தப்புக் கணக்கு என்றே நினைக்கிறேன். மாத்யாஷ் விரைந்து வந்து சலுகைகள் தந்து பிரபுக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கசிமீரின் படை நித்ரா வரை வந்து திரும்பிப் போனது. எனினும் வழி தவறியவர் என்பது வேறு, நன்றி கெட்டவர் என்பது வேறு. தம்மால் அரசனானவன் என்பதால் அவன் எது செய்தாலும் தாங்க வேண்டிய கடமை பேராயருக்கு இல்லை. அவன் எதற்காக அரசனானானோ அந்தக் காரியத்துக்குத்தான் அவர் கடமைப்பட்டிருந்தார்.

பன்னோனியுஸ் தப்பியோடும் வழியில் 1472 மார்ச்சில் இறந்தார். முதலில் சமாதானம் பேசிய மன்னன் பிறகு விதேஸைச் சிறைப்பிடித்தான். அதே ஆண்டு ஆகஸ்டில், காவலின் கீழ் எஸ்தெர்கோமில் அவர் உயிர் பிரிந்தது. பேராயர் பதவி பெக்கென்ஸ்லோயருக்குப் போனது. 1476இல் மாத்யாஷ் தெற்கே திரும்பி சபாச் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தான். அதே ஆண்டில் பெக்கென்ஸ்லோயர் பேராயத்தின் செல்வத்தை எடுத்துக்கொண்டு பேரரசர் பிரெடரிக்கிடம் ஓடிப்போனார்.