சகலை வீட்டுத் தண்ணீர்



ஆற்காடு தோப்புக்கானாவில் என் பெரியப்பா ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். 1980-களின் தொடக்கம். அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய மட்டக்குதிரை ஒன்று அவரிடம் இருந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஆம்பூரில் அவருடைய சகலையும் ஜட்காக்காரர்தான். அவர் குதிரைக்குக் குளம்பில் ஆணி ஏறிவிட, ஒரு மாதத்துக்கு என்று நம் குதிரையைக் கொடுத்தனுப்பினார் பெரியப்பா. வாடகை பேசவில்லை. சகலையிடம் போய் வாடகை பேசுவதா?

நாலாம் நாள், ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர் வாசலில் நின்று சொன்னார்: "குதிர கொள்ளத் தொட மாட்டேங்குதாம். உங்க சகலை சொல்லச் சொன்னாரு." அவ்வளவுதான், லாரி கிளம்பிவிட்டது.

அரிசி மண்டியில் போன் இருந்தது. ஆம்பூரில் சகலையின் தெருவிலும் ஒரு போன் உண்டு. பெரியப்பா மண்டி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கேட்க ஆயிரம் இருந்தது: வண்டி அவிழ்த்த கையோடு கொள்ளு வைத்தீர்களா, உடம்பு ஆறவிட்டீர்களா, தண்ணீர் காட்டினீர்களா? எதைக் கேட்டாலும் குற்றம் சொன்னது போலாகும். "தப்பா எடுத்துக்குவாருங்க" என்றார் பெரியம்மா. இரவெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், விடியற்காலை முதல் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்.

ஆம்பூரில் குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒருதரம் தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. லாயத்தில் புதிதாக லத்தி இல்லை. மூலையில் கிடந்த பழைய நாலு உருண்டையும் கல் மாதிரி இருந்தன. பெரியப்பா எதுவும் பேசாமல் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது.

உப்பு.

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். பதனிடும் இடத்தில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. கழுவின உப்பெல்லாம் எங்கே போகும்? பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கேட்டால் தெரியும். வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கு விலை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். அதற்குப் பல வருஷம் முன்பே ஒரு மட்டக்குதிரை அந்தத் தண்ணீரை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது. சகலை பேரில் குறையில்லை. அவர் வீட்டில் எல்லோரும் குடித்து வளர்ந்த தண்ணீர் அது.

கால்நடை டாக்டர் வந்தார். விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். "குடல் சத்தமே இல்ல. தண்ணி கொறைஞ்சி உள்ள கட்டிக்கிச்சி" என்றார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது பின்வழியாகத்தான் வர வேண்டும், அதனால்தான் இத்தனை பெரிய பிராணிக்கு வயிற்றுவலி உயிர்ப்பிரச்சினை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூக்கு வழியாக ரப்பர் குழாய் செலுத்தி பாரஃபின் எண்ணெயை இறக்கினார். தீனி கூடாது, மெதுவாக நடத்துங்கள் என்று சொன்னார்.

ராணிப்பேட்டைக்கே கொண்டுபோய்விடலாமா என்று கேட்டார் பெரியப்பா. டாக்டர் சிரித்துவிட்டார். 1932-லிருந்து அங்கே இருக்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தின் வேலை தடுப்பு மருந்து தயாரிப்பது, வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்ப்பதல்ல.  

தெருவில் குதிரையை நடத்தினோம். பெரியப்பா ஒரு சுற்று, சகலை ஒரு சுற்று. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் சகலையின் மனைவி ஒரு வாளித் தண்ணீரில் வெல்லம் கரைத்து வைத்தார். குதிரை முகர்ந்து பார்த்தது, உதட்டை நனைத்தது, அப்புறம் வாளியில் பாதியை ஒரே மூச்சில் உறிஞ்சியது. விடிவதற்கு முன் லத்தி போட்டது. அதைப் பார்த்து இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"மொத நாளே தண்ணி கம்மியாத்தான் குடிச்சிது. உங்ககிட்ட சொன்னா, குதிரைய பாத்துக்கத் தெரியலன்னு நெனப்பீங்களேன்னு..." என்று இழுத்தார் சகலை. இங்கே கேட்கக் கூச்சம், அங்கே சொல்லக் கூச்சம். நடுவில் வாயில்லாத ஜீவன் நாள்கணக்கில் காய்ந்திருக்கிறது.

திமிரி, கலவைப் பக்கம் ஆட்டையும் கன்றையும் வாரத்துக்கு விட்டிருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கூச்சம் பழக்கமானதாகத்தான் இருக்கும். உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள்.

அடுத்த வருஷம் சகலைக்கு மறுபடியும் குதிரை தேவைப்பட்டது. பெரியப்பா தயங்காமல் கொடுத்தார். கூடவே இரண்டு பால் கேன் நிறையத் தோப்புக்கானா கிணற்றுத் தண்ணீர், ஒரு உருண்டை வெல்லம். ஜட்காவிலிருந்து கேன்களை இறக்கியபடி சகலை கேட்டாராம்: "என்னா சகல, குதிரைக்குச் சீர்வரிசையா?"

அன்புடன்,
ஆசிரியர்